புதிதாக அசெம்பிள் செய்த கணினி எழவில்லையா? மாற்றிப் பார்ப்பது, கழற்றிப் பார்ப்பது, கடைக்குத் தூக்கிப் போவது

போன மழைக்காலத்தில் என் அக்கா மகன் பாகம் பாகமாக வாங்கி வந்து தன் முதல் கணினியை அசெம்பிள் செய்தான். பொத்தானை அழுத்தினால் கூலர் விசிறி அரைச் சுற்று சுற்றும், மதர்போர்டில் ஒரு விளக்கு மின்னும், உடனே எல்லாம் அணைந்துவிடும். "ரேம்தான் போயிருக்கும் மாமா, மேல் மாடி அண்ணன்கிட்ட ஒண்ணு கேட்டிருக்கேன்" என்றான். இரவல் ரேம் வந்தது, பயனில்லை. அப்புறம் இரவல் கிராபிக்ஸ் கார்டு வந்தது. அதற்குள் இரண்டு நாள் ஓடிவிட்டது. ஒவ்வொன்றையும் மாற்றிய பிறகு மின்சாரம் வரும்வரை அவன் காத்திருக்க வேண்டியிருந்ததுதான் காரணம்.

இங்கே யாங்கூனில் மின்சாரம் முறை வைத்துத்தான் வருகிறது. ஆகவே பழுது பார்க்கும் வழிகளை ஒப்பிடும்போது எது சரியான விடை தரும் என்று மட்டும் பார்த்தால் போதாது. எதற்கு எவ்வளவு மின்சார நேரம் செலவாகும் என்பதையும் சேர்த்து எடைபோட வேண்டும். வழிகள் மூன்று: ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பது, எல்லாவற்றையும் கேஸிலிருந்து, அதாவது கணினிப் பெட்டியிலிருந்து, வெளியே எடுத்து மிகக் குறைந்த பாகங்களோடு ஓட்டிப் பார்ப்பது, கடைக்கே தூக்கிப் போவது. நான் இரண்டாவதன் பக்கம். ஆனால் மற்ற இரண்டுக்கும் உரிய சமயம் உண்டு.

முதலில் சுவரைப் பாருங்கள்

எந்த வழிக்குப் போவதற்கும் முன், கணினிக்கு வருகிற மின்சாரத்தைச் சந்தேகப்படுங்கள். நம் நாட்டில் வர வேண்டியது 230 வோல்ட். மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கும் விசிறியும் ஓடும்போது அது நன்றாக இறங்கிவிடும். சுவர் மின்சாரத்தைக் கணினிப் பாகங்களுக்கு ஏற்ற குறைந்த வோல்ட்டாக மாற்றித் தருவது பவர் சப்ளை. நல்ல பவர் சப்ளைகள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். மலிவான சிலவற்றின் ஸ்டிக்கரில் 200–240 என்று மட்டும் போட்டிருக்கும். அப்படிப்பட்டது மாலையில் திணறும், நள்ளிரவில் ஒழுங்காக எழும். பழைய பவர் சப்ளையாக இருந்தால் பின்புறம் 115, 230 என்று மாற்றும் சிவப்பு சுவிட்ச் இருக்கும். அது 115இல் இருக்கும்போது நம் மின்சாரத்தில் செருகினால் பவர் சப்ளை வெடித்துப் போகும்.

இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் சுத்தமான சைன் அலை தருவதில்லை, படிக்கட்டு மாதிரியான அலையைத்தான் தருகின்றன. விளக்குக்கும் விசிறிக்கும் அது போதும். இன்றைய பவர் சப்ளைகளில், சுவரிலிருந்து மின்சாரம் இழுப்பதைச் சீராக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி சுற்று சில நேரம் அதை ஏற்காமல் அணைந்துவிடும். எனவே இன்வெர்ட்டரில் எழாத கணினியைக் கெட்டதாக முடிவு செய்யாதீர்கள். பொது மின்சாரம் வரும்போது ஒருமுறை நேரடியாகச் சுவரில் செருகிப் பார்த்த பிறகு பேசலாம்.

பழைய கட்டடங்களில் எர்த் இல்லாத இரண்டு துளை பிளக்கில் செருகியிருந்தால், கேஸைத் தொடும்போது விரலில் சுருக்கென்று இருக்கும். பவர் சப்ளையின் வடிகட்டிச் சுற்றிலிருந்து கசியும் சிறு மின்சாரம் போக வழியில்லாமல் கேஸிலேயே நிற்பதுதான் அது. கணினி எழாததற்கு அது காரணமில்லை. ஆனாலும் எர்த் உள்ள பிளக்குக்கு மாற்றுவதுதான் பத்திரம்.

மாற்றிப் பார்ப்பது

இந்த வழியின் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. ஒரு ரேமைக் கழற்றி இன்னொன்றைச் செருக ஒரு நிமிடம்தான். அந்த ரேம் உண்மையிலேயே கெட்டிருந்தால் விடையும் கையோடு கிடைத்துவிடும். வீட்டில் ஏற்கெனவே அதே வகைக் கணினி ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் இதைவிட வேகமான வழி இல்லை.

ஆனால் புதிதாக அசெம்பிள் செய்த கணினியில் பாகம் கெட்டிருப்பது அபூர்வம். பெரும்பாலும் தவறு பொருத்தியதில் இருக்கும். பிராசஸருக்கு மின்சாரம் தரும் 8 முனை கேபிளைச் செருக மறந்திருப்பார்கள். மதர்போர்டின் மேல் மூலையில் கூலருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இடம் அது. அதைச் செருகாவிட்டால் விசிறிகள் சுற்றும், திரை கறுப்பாகவே நிற்கும். ரேம் முழுதாக உள்ளே போயிருக்காது. நான்கு இடம் உள்ள மதர்போர்டில் ஒரே ரேம் இருந்தால், பெரும்பாலான மாடல்களில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது இடத்தில்தான் அதைப் போட வேண்டும். ஐ5-12400எஃப் போன்று எஃப் என்று முடியும் இன்டெல் பிராசஸர்களில் கிராபிக்ஸ் கிடையாது, ரைசன் 5 5600இலும் கிடையாது. அவற்றோடு திரையின் கேபிளை மதர்போர்டில் செருகினால் எத்தனை ரேம் மாற்றினாலும் படம் வராது. இப்படிப்பட்ட தவறு ஒன்று இருக்கும்போது புதுப் பாகத்தைப் போட்டாலும் தவறு அங்கேயே இருக்கும். ரேம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் தெரியவரும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கேபிள்களைத் தனியாகக் கழற்றக்கூடிய மாடுலர் பவர் சப்ளையை இரவல் வாங்கினால் அதன் கேபிள்களையும் சேர்த்தே வாங்குங்கள். மதர்போர்டு பக்கத்து முனை எல்லாருக்கும் ஒன்றுதான். பவர் சப்ளை பக்கத்து முனையின் கம்பி வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே கம்பெனியின் மாடல்களுக்குள்ளேயே மாறுவதும் உண்டு. பழைய கேபிளே பொருந்துகிறதே என்று புதுப் பவர் சப்ளையில் செருகினால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்டு டிஸ்க் எரிந்துவிடும்.

கழற்றிப் பார்ப்பது

மதர்போர்டு வந்த அட்டைப் பெட்டியை மேசையில் வையுங்கள். மதர்போர்டை அதன்மேல் வைத்து பிராசஸர், கூலர், ஒரே ஒரு ரேம், பவர் சப்ளை மட்டும் இணையுங்கள். பிராசஸரில் கிராபிக்ஸ் இல்லையென்றால் கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். ஹார்டு டிஸ்க், கேஸ் விசிறி, முன்பக்க யுஎஸ்பி எதுவும் வேண்டாம். கேஸின் பொத்தானும் வேண்டாம். பவர் சுவிட்சுக்கான இரண்டு ஊசிகளை ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டால் போதும். கூலர் இல்லாமல் மட்டும் ஓட்டாதீர்கள்.

இப்போது எழுந்தால் தவறு நீங்கள் விட்டுவைத்த பாகங்களிலோ கேஸிலோ இருக்கிறது. எழாவிட்டால் இந்த நான்கைந்துக்குள்தான் இருக்கிறது. ஒரே அழுத்தலில் சந்தேகம் பாதியாகிவிடுகிறது. இந்த வழி எனக்குப் பிடித்ததற்கு இன்னொரு காரணம், வேலையில் முக்கால்வாசிக்கு மின்சாரமே வேண்டாம் என்பது. ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து நிதானமாகக் கழற்றலாம். கழற்றும்போதே கண்ணுக்குப் பல விஷயங்கள் தெரியும்: சரியாக அழுந்தாத 24 முனை கேபிள், வளைந்த ஊசி, மதர்போர்டுக்கு அடியில் விழுந்த திருகு. மின்சாரம் வந்ததும் பத்து நிமிடச் சோதனைதான் பாக்கி.

குறைகளும் உண்டு. கூலரைக் கழற்ற நேர்ந்தால், பிராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது தடவ வேண்டும். ஏஎம்டி கம்பெனியின் ஏஎம்4 சாக்கெட்டில் பொருந்தும் ரைசன் பிராசஸர்களில் ஊசி பிராசஸரிலேயே இருக்கிறது. பேஸ்ட் ஒட்டிக்கொண்டு கூலரோடு பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வருவதுண்டு. ஆகவே கூலரை அப்படியே விட்டு மதர்போர்டை மட்டும் தூக்குங்கள். கழற்றுவதற்குப் பழகாத கைக்கு முழு மாலை ஆகும் என்பதும் உண்மை.

பொறுமை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. டிடிஆர்5 என்ற புது வகை ரேம் போட்ட கணினி முதல் முறை எழும்போது ரேமைப் பழக்கிக்கொள்ள நேரம் எடுக்கும். ஏஎம்4க்கு அடுத்து வந்த ஏஎம்5 மதர்போர்டுகளில் பல நிமிடங்கள் திரை கறுப்பாகவே நிற்கலாம். கெட்டுவிட்டது என்று நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கால் மணி நேரமாவது விட்டுப் பாருங்கள்.

பவர் சப்ளையைச் சோதிக்க: கம்பியா, மல்டிமீட்டரா?

பேப்பர் கிளிப் சோதனையைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். பவர் சப்ளையைச் சுவரிலிருந்தும் மற்ற எல்லாப் பாகங்களிலிருந்தும் பிரித்துவிட்டு, 24 முனை கேபிளின் 16ஆவது முனையை ஒரு கிரவுண்ட் (பூஜ்ய வோல்ட்) முனையோடு கம்பியால் இணைத்து, பிறகு செருகி சுவிட்சைப் போடுவது. பழைய கேபிள்களில் அது பச்சையும் கறுப்பும். இப்போது எல்லாமே கறுப்பாக வருவதால் பவர் சப்ளை கையேட்டில் உள்ள படத்தைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும், குத்துமதிப்பாக வேண்டாம். விசிறி சுற்றினால் பவர் சப்ளைக்கு உயிர் இருக்கிறது. அதற்கு மேல் இந்தச் சோதனை ஒன்றும் சொல்லாது. சூடாகும்வரை விசிறியைச் சுற்றவிடாத மாடல்களில் அதைக்கூடச் சொல்லாது.

மல்டிமீட்டர் இதைவிட எவ்வளவோ மேல். கணினியை ஆன் செய்யாமலேயே, சுவரில் செருகிய நிலையில் 9ஆவது முனையில் 5 வோல்ட் காட்ட வேண்டும். கிளிப்பைப் போட்ட பிறகு 12 வோல்ட் கம்பியில் 11.4 முதல் 12.6 வரையும், 5 வோல்ட் கம்பியில் 4.75 முதல் 5.25 வரையும் இருக்கலாம். அதைத் தாண்டினால் பவர் சப்ளையை மாற்றுங்கள். இதே மீட்டரால் சுவரின் மின்சாரத்தையும் அளக்கலாம் என்பதால், இந்த ஊரில் கணினி வைத்திருக்கிற யாரும் ஒரு மல்டிமீட்டர் வாங்கலாம் என்றே சொல்வேன். ஆனால் சுமை இல்லாமல் அளக்கும்போது சரியாகக் காட்டிவிட்டு, கணினி ஓடும்போது சரியும் பவர் சப்ளையும் உண்டு. அதைப் பிடிக்க நல்ல பவர் சப்ளை ஒன்றை மாற்றிப் பார்ப்பதைவிட வேறு எளிய வழியில்லை. முதல் வழிக்கு உரிய இடம் இதுதான்.

மதர்போர்டில் சிபியு (பிராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (விண்டோஸ் உள்ள டிஸ்க்) என்று எழுதிய சிறு விளக்குகள் இருந்தால் அவற்றை நம்பலாம். எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ அங்கே தேடுங்கள். விளக்கு இல்லாத மதர்போர்டுக்கு சிறு ஸ்பீக்கர் ஒன்றைச் செருகி பீப் ஒலியைக் கேட்கலாம். அந்த ஒலியின் அர்த்தம், மதர்போர்டுக்குள் இருந்து கணினியை எழுப்பும் மென்பொருளான பயாஸுக்குப் பயாஸ் மாறும், கையேடு கையில் வேண்டும்.

கடைக்குத் தூக்கிப் போவது

ஆறாவது மாடியிலிருந்து லிஃப்ட் இல்லாத படிகளில் கண்ணாடிப் பக்கம் வைத்த கேஸைத் தூக்கிக்கொண்டு இறங்கி, டாக்சி பிடித்துப் போக வேண்டும். போனால், மதர்போர்டு விற்ற கடை பவர் சப்ளையைக் காட்டும், பவர் சப்ளை விற்ற கடை மதர்போர்டைக் காட்டும். வேறு வேறு கடையில் வாங்கியவர்களுக்கு இது பழக்கம்தான். ஒரே கடையில் எல்லாம் வாங்கியிருந்தால் கதை வேறு, அப்போது கடைதான் நல்ல வழி. வளைந்த சாக்கெட் ஊசியைக் கண்டாலும் நீங்களே நிமிர்த்தாமல் கடைக்குக் கொண்டுபோங்கள்.

பயாஸ் பழையதாக இருந்து புதுப் பிராசஸரை அடையாளம் காணாவிட்டாலும் கடைதான். 2018இல் வந்த பி450 மதர்போர்டில் 2020இல் வந்த ரைசன் 5000 பிராசஸரைப் போட்டால் இப்படி நடக்கும். பிராசஸர் இல்லாமலேயே யுஎஸ்பியிலிருந்து பயாஸ் ஏற்றும் பொத்தான் சில மதர்போர்டுகளில் இருக்கிறது, அது இருந்தால் வீட்டிலேயே முயலலாம். இல்லையென்றால், நடுவில் மின்சாரம் போகக்கூடிய வீட்டில் பயாஸ் ஏற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அக்கா மகன் விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை மத்தியானம் மின்சாரம் இல்லாத நேரத்தில் இருவரும் எல்லாவற்றையும் கழற்றினோம். கேஸ் பெரிய ஏடிஎக்ஸ் அளவு, அவன் மதர்போர்டு சிறிய மைக்ரோ ஏடிஎக்ஸ். மதர்போர்டைத் தாங்கும் பித்தளைத் தாங்கிகளைக் கேஸ் கம்பெனி பெரிய அளவுக்கே முன்கூட்டிப் பொருத்தி அனுப்பியிருந்தது. அதில் ஒன்றுக்கு நேராக இந்த மதர்போர்டில் துளை இல்லை. அது அடிப்பக்கத்துச் சால்டர் முனைகளை முட்டி ஷார்ட் ஆக்கிக்கொண்டிருந்தது. மதர்போர்டின் பின்புறம் சிறு கீறல் தெரிந்தது. "இதுவா மாமா?" என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தான். அந்தத் தாங்கியை இடுக்கியால் திருகி எடுத்தோம். மின்சாரம் வந்ததும் மதர்போர்டை முதலில் அட்டைப் பெட்டியின்மேல் வைத்தே ஓட்டினோம், ஸ்க்ரூ டிரைவர் தொட்டவுடன் எழுந்தது. மறுபடி கேஸில் பூட்டி விண்டோஸ் போட்டு முடித்தபோது அடுத்த மின்வெட்டுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. இரவல் ரேமையும் கிராபிக்ஸ் கார்டையும் அன்றே மேல் மாடியில் திருப்பிக் கொடுத்துவிட்டான்.