வேன், சாப்பாடு எல்லாம் சூப்பர், பேப்பர்தான் உதைக்குது

செங்கல்பட்டு பக்கம் மனை போட்டு விக்கிற ஒரு புரோமோட்டர். பேர் போடல, கேஸ் கீஸ்னு அலைய நமக்கு தெம்பு இல்ல. தாம்பரத்துல வந்து ஏசி வேன்ல ஏத்திக்கிட்டாங்க, மதியம் பிரியாணி, பேச்செல்லாம் அண்ணே அண்ணேன்னு அவ்ளோ மரியாதை. ரோடும் நல்ல அகலம், தண்ணியும் உப்பு இல்ல. இடத்தை குறை சொல்ல மாட்டேன்.

ஆனா டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவ்டு, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) அப்ரூவ்டுனு பெருசா போர்டு வெச்சிருக்காங்களே, அந்த ரெரா நம்பரை போன்ல தட்டி டிஎன்ரெரா சைட்டுல அப்ரூவ் ஆன வரைபடத்தை இறக்கி பார்த்தா வடகிழக்கு மூலையில பூங்கானு போட்டிருக்கு, நேர்ல அங்க கல்லு நட்டு நம்பர் எழுதி "ஈசானி மூலை பிளாட் சார், ரெண்டுதான் மிச்சம்"னு காட்டுறாங்க! 10,000 சதுர மீட்டர், அதாவது சுமார் ரெண்டரை ஏக்கர் தாண்டின லேஅவுட்டுனா ரோடு போக மிச்சத்துல 10 சதவீதத்தை பொது இடமா உள்ளாட்சிக்கு தானப் பத்திரம் எழுதி குடுத்தே ஆகணும், அப்புறம் அது அவங்க சொத்தே இல்ல. இந்த லேஅவுட் அதைவிட பெருசு. கேட்டா "அது ஃபேஸ் டூ பிளான்ல மாறிடுச்சு சார்"னாங்க, சரி மாத்தின பிளானை காட்டுங்கன்னா மேனேஜர் லஞ்சுக்கு போயிட்டாராம்.

அடுத்து ஈசி, அதாவது இடத்து மேல என்னென்ன பதிவு ஆகியிருக்குனு காட்டுற வில்லங்கச் சான்று. அவங்க ஃபைல்ல இருந்தது 2010க்கு அப்புறம் மட்டும். நான் வீட்டுக்கு வந்து பதிவுத்துறை சைட்டுல 30 வருஷத்துக்கு போட்டேன், 2004ல ஒரு அடமானம் இருக்கு, அது தீர்ந்ததுக்கான ரசீது பதிவாகவே இல்ல. கடனை கட்டிட்டு ரசீது பதியாம விட்டிருக்கலாம், அது நம்ம ஊர்ல சகஜம்தான். அப்ப அதை முன்னாடியே சொல்லிட்டு போக வேண்டியதுதானே, எதுக்கு 2010ல இருந்து மட்டும் எடுத்து வெக்கணும்? எனக்கு கடுப்பானதே அங்கதான்.

பணம் பேச்சு வந்தப்போ இன்னும் மோசம். மொத்த விலையில கால்வாசிய அட்வான்ஸா, அதுவும் கேஷா கேட்டாங்க, பதிலுக்கு ஒரு லெட்டர்ஹெட் ரசீது. ரெரா சட்டம் 13வது பிரிவுல விற்பனை ஒப்பந்தத்தை பதிவு பண்ணாம 10 சதவீதத்துக்கு மேல வாங்கக் கூடாதுனு தெளிவா இருக்கு. மனைக்கு 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ கேஷா வாங்குறதும் வருமான வரி சட்டப்படி தப்பு, வாங்கின தொகை அளவுக்கே அபராதம். இதை சொன்னதும் அண்ணேன்னு கூப்பிட்ட தம்பி "நம்பிக்கை இல்லனா எப்படி சார் பிசினஸ் பண்றது"னு ஆரம்பிச்சிட்டாரு. ஏம்பா, தாய் பத்திரத்தோட (இடத்தோட பழைய மூலப் பத்திரம்) ஜெராக்ஸை குடுத்து வக்கீல்கிட்ட காட்டிட்டு வாங்கன்னு சொல்லு, தன்னால நம்பிக்கை வரும். எங்க மச்சான் திருவள்ளூர்ல வாங்கினப்போ அந்த புரோக்கர் சொன்ன முதல் வார்த்தையே அதுதான், அட்வான்ஸ் பேச்சே அப்புறம்தான்.

அஞ்சுக்கு இடத்துக்கு 4, ஆளுங்களுக்கு 1. போறவங்க பிரியாணி சாப்பிட்டுட்டு பூங்கா எங்கன்னு கேட்டுப் பாருங்க. மாத்தின பிளானும் அடமான ரசீதும் வாட்ஸ்அப்ல அனுப்புறேன்னாங்க, இதுவரைக்கும் வந்தது தங்க நாணயம் ஃப்ரீனு ஒரு ஆஃபர் போஸ்டர்தான்.