பொது எக்ஸ்எஸ்டியா, ஆன்டாலஜியா? சேவைகளின் தரவு மாதிரியை எங்கே வைப்பது

பத்து சிஸ்டங்களை நேரடியாகக் கோர்த்தால், திசைக்கு ஒன்றாக 90 மாற்றிகள் வேண்டும். நடுவில் ஒரு பொது மாதிரி இருந்தால் 20 போதும். இதில் யாருக்கும் தகராறு இல்லை. அந்த மாதிரி எக்ஸ்எஸ்டியாக (எக்ஸ்எம்எல் மெசேஜின் வடிவத்தை வரையறுக்கும் ஸ்கீமா) இருக்கட்டுமா, ஆர்டிஎஃப்பில் (தரவை எழுவாய்-பண்பு-மதிப்பு என்ற மும்மைகளாக எழுதும் முறை) எழுதிய ஆன்டாலஜியாக (கருத்துகளையும் அவற்றின் தொடர்புகளையும் வரையறுக்கும் மாதிரி) இருக்கட்டுமா என்பதுதான் கேள்வி.

எக்ஸ்எஸ்டிக்குப் பழகிய டூல்கள் உண்டு, ஆளும் கிடைப்பார்கள். முதல் வருடம் அதுதான் மலிவு.

பிறகு பராமரிப்பு வரும். 'கஸ்டமர்' டைப்பையே பாருங்கள். பில்லிங்கில் அவர் பணம் கட்டுபவர். விற்பனைப் பிரிவில் இன்னும் எதுவும் வாங்காதவரும் கஸ்டமர்தான். சர்வீஸ் டெஸ்க்கில் இணைப்பைப் பயன்படுத்துபவர். மூவரையும் ஒரே டைப்பில் திணிக்கப்போய், ஃபீல்டுக்கு ஃபீல்டு மின்அக்கர்ஸ் (குறைந்தது எத்தனை முறை வர வேண்டும் என்ற எண்) 0 ஆகிவிடும். கடைசியில் காலி மெசேஜ்கூட வேலிடேஷனில் பாஸாகும்.

ஆன்டாலஜியில் இவை மூன்று தனிக் கருத்துகள். இதற்காக மெசேஜை மாற்ற வேண்டாம், எக்ஸ்எம்எல்லாகவே ஓடட்டும். எக்ஸ்எஸ்டியின் ஒவ்வொரு எலிமெண்டிலும் எஸ்ஏடபிள்யூஎஸ்டிஎல்லின் (ஸ்கீமாவில் கருத்துக் குறிப்பு சேர்க்கும் முறை, 2007 முதல் டபிள்யூ3சி பரிந்துரை) மாடல்ரெஃபரன்ஸ் ஆட்ரிபியூட்டைப் போட்டு, உரிய கருத்தின் ஐஆர்ஐயை, அதாவது இணைய முகவரி போன்ற அதன் அடையாளத்தை, கொடுங்கள். பில்டின்போது ஒரு எக்ஸ்எஸ்எல்டி (எக்ஸ்எம்எல்லை வேறு வடிவுக்கு மாற்றும் ஸ்கிரிப்ட்) அவற்றை உருவி, ட்ரிபிள்களாக (ஆர்டிஎஃப் மும்மைகள்) ஆக்கட்டும்; அவற்றை ஜீனா ஃபியூசெகியில் (ஆர்டிஎஃப் தரவு சர்வர்) ஏற்றினால் எந்த ஃபீல்டு எந்தக் கருத்தைச் சுட்டுகிறது என்ற அட்டவணை கிடைக்கும். நாளைக்கு 'பணம் கட்டுபவர்' வரையறை மாறினால், எந்தச் சேவையில், எந்த வெர்ஷனில், எந்த ஃபீல்டு அடிபடும் என்று ஒரே ஸ்பார்க்கிள் (ஆர்டிஎஃப் தரவுக்கான வினவல் மொழி) வினவல் சொல்லிவிடும். வெறும் எக்ஸ்எஸ்டியில் கிரெப் (சொல்லைத் தேடும் கட்டளை) போட்டுத் தேடலாம்; ஆனால் ஒரு சேவை அதே ஃபீல்டுக்கு வேறு பெயர் வைத்திருந்தால் அது சிக்காது. என் சாய்வு ஆன்டாலஜி பக்கம் போவது இந்த ஒரு காரணத்தால்தான். மாடல்ரெஃபரன்ஸ் குறிப்பு இல்லாத எலிமெண்ட் வந்தால் பில்ட் உடைய வேண்டும். இல்லையென்றால் அட்டவணை பாதியில் நின்றுவிடும். பாதி அட்டவணையை நம்புவது அட்டவணையே இல்லாததைவிட மோசம்.

ஐந்தாறு சேவைகள்தான் என்றால் இந்த உழைப்புக்குப் பலன் கிடைக்குமா என்பது சந்தேகமே.

எல்லாரும் வழுக்கும் இடம் அவுல் (ஆன்டாலஜி எழுதும் மொழி). 'ஒரு கணக்குக்குப் பணம் கட்டுபவர் அதிகபட்சம் ஒருவர்' என்று எழுதிவிட்டு, தரவில் இருவர் வந்தால் ரீசனர் (ஆன்டாலஜியிலிருந்து முடிவுகளை வருவிக்கும் மென்பொருள்) பிழை காட்டாது. வேறு வேறு ஆட்கள் என்று சொல்லிவைக்காதவரை, இருவரும் ஒரே ஆள் என்று முடிவுகட்டிவிடும். 'குறைந்தது ஒருவர்' என்று எழுதிவிட்டு, தரவில் ஒருவருமே இல்லாவிட்டாலும் வாய் திறக்காது. சரிபார்ப்பை ஷாக்கிளிடம் (ஆர்டிஎஃப் தரவைச் சரிபார்க்கும் விதி மொழி) விடுங்கள். அதேபோல இரண்டு சிஸ்டங்களின் கருத்துகளை அவுல் சேம்அஸ் ('இரண்டும் ஒன்றே' என்ற இணைப்பு) கொண்டு ஒட்ட வேண்டாம், ஒன்றின் பண்புகள் எல்லாம் மற்றதன் மேல் ஏறிவிடும். ஸ்கோஸ் குளோஸ்மேட்ச் ('நெருங்கிய பொருள்' என்று மட்டும் சொல்லும் இணைப்பு) போதும்.