முப்பது வருடமாக வாசிக்கும் ஒரு திருட்டு வழக்கு

யாழ்ப்பாணத்தில் இருந்து சிட்னிக்கு வந்த புதிதில் எனக்கு ஒன்பது வயது. வகுப்பில் யாராவது ஆங்கிலத்தில் ஏதும் கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவேன். அந்த நாட்களில்தான் அக்கா நூலகத்தில் இருந்து ஒரு பெரிய படப் புத்தகத்தைக் கொண்டுவந்தா. கிரேம் பேஸ் எழுதி, படங்களையும் தானே வரைந்த 'த இலெவன்த் அவர்'. 1988இல் அவுஸ்திரேலியாவில் வெளிவந்தது.

ஹொரஸ் என்ற யானைக்குப் பதினொரு வயது நிறைகிறது. பத்து நண்பர்களை அழைக்கிறது. பதினொரு விளையாட்டுகள், பிறகு பதினொரு மணிக்கு விருந்து. மேசைக்குப் போய்ப் பார்த்தால் சாப்பாடு முழுவதையும் யாரோ முடித்துவிட்டார்கள். யார் என்று சொல்லாமலே கதை முடிந்துவிடும். படங்களைத் துருவிப் பார்த்து நாங்கள்தான் கள்ளனைப் பிடிக்க வேண்டும். விடை கடைசிப் பக்கங்களில், ஒட்டி மூடியபடி இருக்கும்.

கதை எதுகையோடு பாட்டாக ஓடும். எனக்கு அதில் பாதி விளங்கவில்லை. ஆனால் படம் எல்லாருக்கும் ஒன்றுதானே! தூண், தரை, சட்டத்து ஓரம் என்று எங்கே பார்த்தாலும் ஏதோ ஒளிந்திருக்கும். அக்கா பாட்டை வாசிப்பா, நான் மணிக்கூடுகளைத் தேடுவேன். எந்த நேரத்தில் எந்த மிருகம் எங்கே நின்றது என்று கொப்பியில் கோடு போட்டு எழுதினோம். சங்கேத எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்லாக்கியபோது, அந்தச் சொல்லின் கருத்தை அகராதியில் தேடியது நான்தான். பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட அங்கே படித்த ஆங்கிலம் கூட.

நூலகப் பிரதியில் விடைப் பக்கத்தை எங்களுக்கு முன்னமே யாரோ கிழித்துத் திறந்திருந்தார்கள். அக்கா அதைப் பாராமலே மடித்து இரண்டு ரப்பர் பட்டி போட்டா. "நீ பார்த்தாயெண்டா உனக்குத்தான் நட்டம்" என்றா. மூன்று கிழமை நான் தொடவில்லை. முதலைதான் எடுத்தது என்று அடித்துச் சொன்னேன். முதலை என்பதைத் தவிர என்னிடம் வேறு காரணம் இருக்கவில்லை. அக்கா கொப்பியைக் காட்டி அதை உடைத்தா.

வேலைக்குப் போன பிறகு எனக்கென்று ஒன்று வாங்கினேன். கெட்டி அட்டை, தாள் இன்னும் நிறம் மாறவில்லை. நடுவில் தையல் மட்டும் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. விடை தெரிந்த பிறகும் இது அலுக்கவில்லை. முதல் தடவை கள்ளனைத் தேடினோம். இப்போது பார்ப்பது, எங்களை ஏமாற்ற பேஸ் எங்கெங்கே பொய்த் தடயம் வைத்தார் என்பதை. அகதா கிறிஸ்டியின் துப்பறியும் கதைகளை வாசித்ததில் பேஸுக்குப் பிறந்த எண்ணம்தான் இந்தப் புத்தகம். கென்யா, தான்சானியா காடுகளுக்குப் போய் மிருகங்களைப் பார்த்துவிட்டு வந்து வரைந்திருக்கிறார். ஏமாற்றினாலும் அநியாயம் செய்யவில்லை: கள்ளனைக் காட்டும் தடயமும் அதே பக்கங்களில் கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது.

குறை என்றால், சில சங்கேதங்கள் சின்னப் பிள்ளை தனியாக அவிழ்க்க முடியாதவை. ஏழு, எட்டு வயதுப் பிள்ளைக்குக் கொடுப்பதென்றால் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். ஒரு பூதக்கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள், ஓரங்களில் இருப்பவை அவ்வளவு நுணுக்கம். ஃபோன் திரையில் பார்ப்பது வீண். இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தால்தான் இது புத்தகம்.

போன மாதம் மகளின் பிறந்தநாளுக்குப் புதுப் பிரதி ஒன்று வாங்கினேன். அவளும் கொப்பியில் கோடு போடத் தொடங்கியிருக்கிறாள். இப்போதைக்கு அவளுடைய சந்தேகம் வரிக்குதிரையில். "சரியோ அப்பா?" என்று ஒவ்வொரு இரவும் கேட்கிறாள். மணிக்கூட்டைப் பார் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.