நாலரை மணி இட்லியும் நேற்றைய சூடைக் குழம்பும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடையின் பெயரும் ஊரின் பெயரும் இதில் இருக்காது. கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஊரின் பெயரையாவது போடலாமா என்று கேட்டேன். இப்போது கடையை நடத்துகிற பெண் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "வேணாம் மாமா. இருக்கிறது ஒரே சட்டி. நாலு கார் சேந்தாப்ல வந்து நின்னா, கடலுக்குப் போறவகளுக்குக் குழம்பு இல்லாமப் போயிரும்" என்றாள். அவள் சொல்வது நியாயம். அதனால் இவ்வளவு மட்டும்: ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற சாலையில் உச்சிப்புளியைத் தாண்டி, மண்டபம் வருவதற்கு முன்னால் தென்கடல் பக்கம் பிரிகிற சாலைகளில் ஒன்று. அந்தச் சாலை முடிகிற இடத்தில், பஸ் திரும்புகிற வேப்பமரத்துக்கு எதிரே ஒரு ஓட்டுக் கூரை. விடிவதற்கு முன்னால் அங்கே விளக்கு எரிந்தால் அதுதான் கடை.

நான் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவன். 1990இல் சேர்ந்தேன், 2023இல் ஓய்வு பெற்றேன். அதில் 11 வருஷம், விட்டு விட்டு, அந்த ஊருக்கு நைட் ஹால்ட் போனேன். கடைசி நடை ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு ஊருக்குள் போகும். பஸ் அங்கேயே நிற்கும். டிரைவர் முன்சீட்டில், நான் பின்சீட்டில். விடிகாலை ஐந்து மணிக்கு அதே பஸ் முதல் நடையாகக் கிளம்ப வேண்டும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் ஷட்டரை எவ்வளவு இறக்கினாலும் மணல் உள்ளே வந்துவிடும். எழுந்து போர்வையை உதறினால் ஒரு கை மணல் விழும். இன்வாய்ஸ் எழுதி, பையைச் சரிபார்த்து, நாலரை மணிக்கு அந்தக் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தால் தட்டு வரும். சூடான இட்லி, முந்தின நாள் சூடை மீன் குழம்பு. வேறு எதுவும் கேட்க வேண்டியதில்லை, வேறு எதுவும் இருக்கவும் இருக்காது.

போன மாதம் நானும் என் வீட்டுக்காரியும் அதே கடைசி நடையில் டிக்கெட் எடுத்துப் போனோம். தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் படுத்து, நாலரை மணிக்குக் கடைக்குப் போனோம். குழம்பு அப்படியே இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு எத்தனையோ பழைய இடங்களுக்குப் போய் வாய் கசந்து திரும்பியிருக்கிறேன், இங்கே அப்படி ஆகவில்லை. அந்த நிம்மதியில்தான் இதை எழுதுகிறேன்.

குழம்பைச் சொல்கிறேன்.

சூடை சின்ன மீன், மத்திக்குச் சொந்தக்காரன். இறால், நண்டு, கணவாய் எல்லாம் கரையிலேயே ஐஸ் பெட்டிக்குள் போய்க் கம்பெனிக்குக் கிளம்பிவிடும். சீலாவும் விளமீனும் மதுரைக்கு லாரி ஏறும். சூடையை அவ்வளவு தூரம் யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை. நல்ல பாடு, அதாவது வலை நிறைய மீன், கிடைத்த நாளில் மலிந்து போய் மணலில் காயும், இல்லையென்றால் தீவனத்துக்குப் போகும். ஊர்க்காரர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொள்கிற மீன் அது. கடைக்காரம்மா காலையில் வள்ளம் கரை ஏறியதும் ஒரு கூடை வாங்கிவிடுவார். செதிலைக் கல்லில் உரசி எடுத்து, தலையைக் கிள்ளி, குடலை நீக்கி, கல்லுப்பு போட்டு மூன்று தண்ணீர் கழுவி வைப்பார்கள். சமையல் சாயங்காலம்தான்.

மசாலாவுக்கு நம்ம ஊர்க் குண்டு மிளகாய். உருண்டையாக, தடித்த தோலோடு, நல்ல அடர் சிவப்பில் இருக்குமே, அதுதான். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அதற்கு ரொம்ப நாள் முன்பே அந்தக் கடைக் குழம்பின் நிறத்தை வைத்து நான் அதற்குப் பட்டம் கொடுத்தாகிவிட்டது. வெறும் சட்டியில் மிளகாயை வறுத்து, மல்லி, சீரகம், சின்ன வெங்காயம் சேர்த்து அரைப்பார்கள். புளி கொஞ்சம் தூக்கலாக இருக்கும். பச்சை வாடை போகக் கொதித்த பிறகு தேங்காய், கடைசியில் மீன். மீன் விழுந்த பிறகு கரண்டிக்கு வேலையில்லை. துணியால் சட்டியின் விளிம்பைப் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றுவார்கள். எரிப்பது வேலிக்கருவை விறகு. தீயை இழுத்துவிட்டு, அந்தத் தணலின் மேலேயே சட்டியை விட்டுவிடுவார்கள். ராத்திரி முழுக்க அது தன் பாட்டுக்கு அடங்கிக்கொண்டிருக்கும்.

காலையில் அதைத் திரும்பச் சூடு பண்ண மாட்டார்கள். இது முக்கியம். மூடியைத் திறந்தால் மேலே சிவப்பாக எண்ணெய் ஆடை கட்டியிருக்கும். அகப்பையின் முதுகால் அந்த ஆடையை ஒதுக்கி, அடியிலிருந்து கெட்டியாக மொண்டு ஊற்றுவார்கள். இட்லி துணியில் வேகவைத்தது. அடிப்பக்கம் துணியின் நெசவு வரி வரியாகப் பதிந்திருக்கும். குழம்பு போய் நிற்பது அந்த வரிகளில்தான். இட்லி கை சுடும், குழம்பு ஆறியிருக்கும், வாய்க்குள் போகும்போது இரண்டும் ஒரு பதத்துக்கு வந்துவிடும். மீனை வாலில் பிடித்துத் தூக்கி இரண்டு விரலால் லேசாக அழுத்தினால் நடுமுள் தனியாக வரும். பொடி முள்ளெல்லாம் புளியில் ஊறி இளகிக் கிடக்கும், மென்று விழுங்கலாம். கூடவே கடித்துக்கொள்ள ஒரு சின்ன வெங்காயம்.

1990இல் 4 இட்லியும் 2 மீனும் குழம்பும் 3 ரூபாய். இன்றைக்கு இட்லி 6 ரூபாய், மீனோடு குழம்பு 30 ரூபாய். நாங்கள் இரண்டு பேர் வயிறாரச் சாப்பிட்டு 120 ரூபாய் கொடுத்தோம்.

அப்போது கடையை நடத்தியவர் இந்தப் பெண்ணின் மாமியார். ஊரே ஆத்தா என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். கடைசி நடை வந்து நின்றதும் மரத்தடியிலிருந்து ஆத்தாவின் குரல் கேட்கும்: "தம்பி, எத்தனை பேரு எறங்குனாக?" 9 பேர் என்றால் ஒரு கணக்கு, 20 பேர் என்றால் ஒரு கணக்கு. யார் வீட்டுக்கு விருந்தாள் வந்திருக்கிறது, காலையில் எத்தனை பேர் முதல் நடையில் திரும்புவார்கள் என்பதையெல்லாம் அந்த ஒரு எண்ணிலேயே பிடித்துவிடுவார். அதற்குத் தகுந்தாற்போல இட்லி. இட்லி மிஞ்சிப் போய் நான் பார்த்ததில்லை, இல்லையென்று யாரையும் திருப்பி அனுப்பியும் பார்த்ததில்லை.

கதவு நிலையில் சாக்பீஸ் கோடுகள் இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இடம், ஒரு சாப்பாட்டுக்கு ஒரு கோடு. காற்று அடித்து வள்ளம் இறங்காத வாரங்களில் நிலை முழுக்கக் கோடு ஏறிவிடும். பாடு கிடைத்த மறுநாள் ஈரத்துணியால் துடைத்துவிட்டிருப்பார். வெளியூர்க்காரனான எனக்கும் அந்த நிலையில் ஓர் இடம் இருந்தது. ஒரு தீபாவளி மாதம் கலெக்ஷனில் 85 ரூபாய் குறைந்து, கையிலிருந்ததைக் கட்டிவிட்டு நின்றபோது, ஆத்தா எதுவும் கேட்கவில்லை. 6 கோடு போட்டார், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட கடைகளை எங்கள் பக்கம் கிளப்புக் கடை என்போம். சிறுவயதில் நான் பார்த்ததில் பெரியது மண்டபம் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்தது. 1988இல் பாம்பன் ரோட்டுப் பாலம் திறக்கிற வரைக்கும் ராமேஸ்வரம் தீவுக்குப் போக 1914ஆம் வருஷத்து ரயில் பாலம்தான் தரைவழி. பஸ்ஸில் வந்தவர்களும் மண்டபத்தில் இறங்கி ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போய் அங்கே உட்காரவைத்து, ஆப்பமும் நண்டுக் குழம்பும் வாங்கிக் கொடுத்தது நினைவிருக்கிறது. பித்தளை டம்ளரில் தண்ணீர், கண்ணாடி அலமாரிக்குள் வடை, கல்லாவில் வெற்றிலை மென்றபடி ஒருவர். பாலம் வந்தது, பஸ் நிற்காமல் தீவுக்குப் போனது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அந்தக் கடையில் பாதி பெஞ்சுதான் இருந்தது. அப்புறம் அதுவும் இல்லை. ஜனங்கள் காத்திருக்கிற இடத்தில்தான் சாப்பாட்டுக் கடை பிழைக்கும். 2022 டிசம்பரில் பழைய ரயில் பாலத்தில் ரயிலை நிறுத்தி, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கிற வரைக்கும், ராமேஸ்வரம் போகிறவர்கள் மண்டபத்திலும் ராமநாதபுரத்திலும் இறங்கி பஸ் பிடித்தார்கள். ஓய்வு பெறுவதற்கு முந்தைய என் கடைசி மாதங்கள் அந்தக் கூட்டத்தோடு போயின. மண்டபத்தில் அடுப்புகள் மறுபடி புகைவதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

நம்ம கடை நிலைத்ததற்கும் இதே காரணம்தான் என்று நினைக்கிறேன். பஸ் அங்கே ராத்திரி தங்குகிறது, வள்ளம் விடியலில் வருகிறது, இரண்டுக்கும் நடுவில் ஜனங்களுக்குப் பசிக்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். டீ நன்றாக இருக்காது. அந்தக் கரையில் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு. குடிக்கக் குடத்துக்குக் காசு கொடுத்து நல்ல தண்ணீர் வாங்குகிறார்கள். டீயில் எந்தத் தண்ணீர் சேர்கிறதென்று நாக்கு சொல்லிவிடும். எட்டுப் பேருக்கு மேல் உட்கார இடமில்லை. சைவக்காரர்களுக்குத் தண்ணீராக ஒரு தேங்காய்ச் சட்னி மட்டும்தான். சின்னப் பிள்ளைகளுக்கு நீங்கள்தான் முள் பார்த்து ஊட்ட வேண்டும். மசாலா இன்னும் அம்மியில் அரைபடுகிறது, ஆனால் தேங்காய் மிக்ஸிக்குப் போய்விட்டது. ஆத்தா காலத்தில் குழம்பில் தேங்காய் கொஞ்சம் நறநறவென்று தட்டுப்படும். இப்போது மழுமழுவென்று இருக்கிறது. எனக்குப் பழையதுதான் பிடிக்கும். தனி ஆளாக நிற்கிற பெண்ணிடம் அதைப் போய்ச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏழு மணிக்கு மேல் போனால் சட்டி காலி.

அன்று மத்தியானம் திரும்புகிற வழியில், நெடுஞ்சாலையோரம் புதிதாக வந்திருக்கிற ஒரு பெரிய ஓட்டலில் மீன் குழம்புச் சாப்பாடு சாப்பிட்டோம். 240 ரூபாய். தனியாகப் பொரித்த வஞ்சிரத் துண்டு ஒன்றை, தனியாகக் கொதித்த குழம்பில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்தார்கள். மீனுக்கும் குழம்புக்கும் அறிமுகமே இல்லை. கடல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் உட்கார்ந்து இப்படி ஒரு குழம்பைச் சாப்பிட நேர்ந்ததில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பார்சல் வாங்காதீர்கள். ஒரு தடவை மதுரையில் இருக்கும் மகளுக்கென்று பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டுபோனேன். பஸ்ஸின் குலுக்கலில் மீன் உடைந்து, மூடி கசிந்து, அங்கே போய் அதைச் சூடு வேறு பண்ணியதில் புளிப்பு மட்டுமே மிஞ்சியது. உள்ளூர்க்காரர்கள் தூக்குவாளியில் வாங்கி நாலு எட்டில் வீட்டுக்குப் போகிறார்கள், அவர்களுக்கு அது சரி.

போவதென்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்திலும் போகலாம். தடை விசைப்படகுக்குத்தான், இந்த ஊரில் எல்லாம் நாட்டுப்படகு. அந்த மாதங்களில் குழம்பில் மாங்காய் விழும். மாங்காய் போட்ட சூடைக் குழம்பைச் சாப்பிட்டுப் பார்த்தவர்கள் மற்ற மாதங்களில் போவதற்கு யோசிப்பார்கள்.

என் வீட்டுக்காரி சாப்பிட்டு முடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போய்விட்டாள். மிளகாயை எந்த நிறம் வரை வறுக்கிறார்கள், வெந்தயம் உண்டா என்று இரண்டு பேரும் குனிந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து நிலையைப் பார்த்தேன். பணம் அனுப்புகிற க்யூஆர் அட்டை ஒன்று ஒட்டியிருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே சாக்பீஸ் கோடுகளும் இருந்தன, எண்ணவில்லை.

அந்த நேரத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கி இளம் கண்டக்டர் ஒருவர் தலையில் மப்ளரோடு வந்தார். என் மகன் வயதுதான் இருக்கும். அடுப்படியிலிருந்தே அந்தப் பெண் குரல் கொடுத்தாள்: "தம்பி, ராத்திரி கேக்க மறந்துட்டேன். எத்தனை பேரு எறங்குனாக?"

"17 பேரு அக்கா. ஒரு வளைகாப்புக் கூட்டம்."

அவள் இட்லிச் சட்டியின் மூடியைத் திறந்து, துணியை நனைத்துப் பிழிந்து விரித்து, இன்னொரு ஈடு ஊற்றினாள்.