கிளென் கேன்யன்: நிரம்பிய அணையா, வடிந்த அணையா, பாதி அணையா?

கொலராடோ ஆற்றின் கிளென் கேன்யன் அணையைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே இரண்டு கட்சிதான். அணையை ஓரங்கட்டிவிட்டு ஆற்றை ஓடவிடு என்பது ஒன்று. அது இல்லாவிட்டால் அமெரிக்கத் தென்மேற்கின் பாலைவன மாநிலங்களில் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் திண்டாட்டம்தான் என்பது இன்னொன்று. இரண்டிலும் விஷயம் இருக்கிறது. ஆனால் இந்த நூற்றாண்டில் அந்த அணை பெரும்பாலும் இருந்தது இரண்டு கட்சியும் கேட்காத மூன்றாவது நிலையில்: பாதி நிரம்பியும் நிரம்பாமலும். சுற்றுச்சூழலை மட்டும் வைத்துப் பார்த்தால் மூன்றிலும் மோசம் அதுதான் என்பது என் கருத்து.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். அரிசோனாவின் வடக்கு எல்லையில், பேஜ் என்ற ஊருக்குப் பக்கத்தில், சிவப்பு மணற்பாறைப் பள்ளத்தாக்குக்குக் குறுக்கே 710 அடி உயரக் கான்கிரீட் அணை. 1963 மார்ச்சில் தண்ணீரைத் தேக்க ஆரம்பித்தார்கள், பின்னால் உருவான பாவெல் ஏரி முதல்முறையாக முழுதும் நிரம்ப 1980 ஆகிவிட்டது. கொள்ளளவு ஆரம்பத்தில் சுமார் 2.7 கோடி ஏக்கர்-அடி, டிஎம்சி கணக்கில் 1,175-க்குப் பக்கம். அணையிலிருந்து 24 கிலோமீட்டர் கீழே லீஸ் ஃபெர்ரி, அங்கிருந்து கிராண்ட் கேன்யன், அதன் மறுமுனையில் ஹூவர் அணையும் மீட் ஏரியும். அமெரிக்காவின் மிகப் பெரிய இரண்டு நீர்த்தேக்கங்கள் ஒரே ஆற்றில், ஒன்றன் கீழ் ஒன்றாக, பாலைவனத்தில். சண்டையே இதில்தான் ஆரம்பிக்கிறது.

நிரம்பிய அணையின் பக்கம் சொல்ல நிறைய இருக்கிறது. கொலராடோ நீரைப் பங்கிட மாநிலங்கள் 1922-இல் போட்ட ஒப்பந்தப்படி, ஆற்றின் மேல்பகுதியிலிருக்கும் மேல்படுகை மாநிலங்கள் எந்தப் பத்து ஆண்டைத் தொடர்ச்சியாக எடுத்தாலும் 7.5 கோடி ஏக்கர்-அடிக்குக் குறையாமல் லீஸ் ஃபெர்ரி வழியாகக் கீழே அனுப்ப வேண்டும். பனி நன்றாகப் பெய்த வருடத்தில் பிடித்து வைத்தால்தான் வறண்ட வருடத்தில் கொடுக்க முடியும், பாவெல் ஏரி அதற்கான கையிருப்பு. அப்புறம் மின்சாரம்: எட்டு டர்பைன்கள், மொத்தம் 1,320 மெகாவாட் திறன். இந்த மின்சாரத்தின் உண்மையான மதிப்பு அளவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. சூரியன் மறைந்து சோலார் படுத்துவிடும் நேரத்தில், வீடுகளில் ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது, மதகைத் திறந்தால் உடனே வரும். அதை நிறுத்தினால் அந்த மாலை நேரத்து ஓட்டையைப் பெரும்பாலும் எரிவாயுதான் அடைக்கும். அணை எதிர்ப்பாளர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஆனால் அந்த மாலை மின்சாரத்துக்கு ஆறு என்ன விலை கொடுத்தது என்று ஒரு பூச்சியின் முட்டையிலிருந்து பார்க்கலாம். மின்தேவை ஏறும்போது தண்ணீரைக் கூட்டுவார்கள், இரவில் குறைப்பார்கள். கடலே இல்லாத கிராண்ட் கேன்யனுக்குள் தினமும் ஓதம் ஏறி இறங்குவது போல ஆகிவிட்டது. ஆற்றுப் பூச்சிகள் பல, தண்ணீரின் விளிம்பில் நனைந்திருக்கும் கல்லில்தான் முட்டையை ஒட்டுகின்றன. சில மணி நேரத்தில் தண்ணீர் இறங்குகிறது, கல் வெயிலில் காய்கிறது, முட்டை போயிற்று. பூச்சி இல்லையென்றால் மீனுக்கும் தீனி இல்லை. 2018 முதல் சில ஆண்டுகளில் மே முதல் ஆகஸ்ட் வரை வார இறுதிகளில் மட்டும் தண்ணீரைத் தாழ்வாக, ஒரே சீராக விட்டுப் பார்த்தார்கள். வார இறுதியில் மின்தேவை குறைவு என்பதால் நஷ்டமும் குறைவு, அந்த இரண்டு நாளில் இடும் முட்டைகள் பிறகு நீர் ஏறினாலும் நனைந்தே இருக்கும். கெட்டிக்காரத்தனமான யோசனை. அணையை வைத்துக்கொண்டே சரிசெய்யக்கூடியதும் உண்டு என்பதற்கு நான் பார்த்ததில் நல்ல உதாரணம் இதுதான்.

மணலுக்கு அப்படி எளிய வழி இல்லை. அணைக்கு முன்னால் ஆண்டுக்கு ஐந்து கோடி டன்னுக்கும் மேல் வண்டலும் மணலும் லீஸ் ஃபெர்ரியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. இப்போது வருவதெல்லாம் ஏரியின் மேல்முனையிலேயே படிந்துவிடுகிறது, அணையிலிருந்து வெளியே போவது கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீர். இனி கிராண்ட் கேன்யனின் மணற்கரைகளுக்கு பரியா, லிட்டில் கொலராடோ என்ற துணையாறுகள் கொண்டுவருவதுதான் கைமுதல். 1996-இல் விநாடிக்கு 45,000 கனஅடி திறந்து செயற்கை வெள்ளம் விட்டார்கள், கரைகள் எழுந்தன, கொஞ்ச காலத்திலேயே மறுபடி கரைந்தன. பரியாவில் மழைவெள்ளம் வந்து புது மணல் சேர்ந்த கையோடு வெள்ளம் விட்டால்தான் பலன் என்று அதற்குப் பிறகுதான் தெளிந்தது. இன்னொரு பக்கம் மணல் சேர்வதால் ஏரியும் சுருங்குகிறது: 2018 வரையிலான அளவீட்டில் கொள்ளளவு கிட்டத்தட்ட 7 சதவீதம் குறைந்திருந்தது. மூழ்கிப்போன பள்ளத்தாக்கையும், அதிலிருந்த பழங்குடியினரின் குகை வீடுகளையும் எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் அதை எடை போட முயலவில்லை.

சரி, வடித்துவிட்டால்? இந்தத் திட்டத்துக்கு ஒரு வடிவமும் இருக்கிறது: 'முதலில் மீட் ஏரியை நிரப்பு'. இரண்டு ஏரியும் அரையும் குறையுமாக இருக்கும்போது இரண்டு இடத்தில் ஏன் ஆவியாக விட வேண்டும், எல்லாவற்றையும் கீழே கொண்டுபோய் மீட் ஏரியில் வை, பாவெல் ஏரியை வெள்ளக் காலத்துக்கு மட்டும் வைத்துக்கொள் என்பது வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆவியாதல் கணக்கு அவர்கள் நினைத்த அளவுக்கு உதவவில்லை. மீட் ஏரி இன்னும் தாழ்வான, இன்னும் வெப்பமான இடத்தில் இருக்கிறது, அங்கே பரப்பு விரியும்போது ஆவியாவதும் ஏறுகிறது. யூட்டா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் கணக்குப் போட்டுப் பார்த்தபோது நீர் மிச்சம் சிறியதுதான் என்று வந்தது. எனவே தண்ணீரை மிச்சம்பிடிக்கிறோம் என்ற காரணத்தை இந்தக் கட்சி விட்டுவிடுவது நல்லது, அவர்களிடம் அதைவிட வலுவான காரணம் இருக்கிறது.

அது, பள்ளத்தாக்கு தானாகத் திரும்பி வருவது. நீர்மட்டம் இறங்க இறங்க எஸ்கலான்டே என்ற துணையாற்றின் பக்கத்துக் கிளைப் பள்ளத்தாக்குகள் வெளியே வந்தன. 'பாலைவனத் தேவாலயம்' என்று பெயர் வைத்த அந்தப் பெரிய பாறைக் குடைவில் அருவி மறுபடி விழுகிறது. பாறையில் வெள்ளை உப்புக்கறை இருக்கிறது, சேறு இருக்கிறது, ஆனால் சிற்றோடைகள் அந்தச் சேற்றை அறுத்துக்கொண்டு போய்விட, காட்டன்வுட், வில்லோ மரங்கள் முளைத்துவிட்டன. இத்தனை வேகமாக நடக்கும் என்று பலர் எதிர்பார்க்கவில்லை. கீழே ஆற்றுக்குப் பழைய கலங்கலும் பழைய வெப்பமும் கிடைக்கும், நாட்டு மீன்கள் பழகியது அதற்குத்தான்.

ஆனால் இந்தத் திட்டம் இன்னொரு இடத்தில் இடிக்கிறது, இதைப் பேசுபவர்கள் குறைவு. மீட் ஏரி இறங்கியதால் கிராண்ட் கேன்யனின் மேற்கு முனையில் பியர்ஸ் ஃபெர்ரி என்ற இடத்தில் ஆறு புது வழி அறுத்து ஒரு முரட்டு நீர்வீச்சை உண்டாக்கியிருக்கிறது. ஏரியிலிருக்கும் வெளியூர் மீன்கள் மேலே ஏறாமல் அது தடுக்கிறது, அதற்கு மேலே ஹம்ப்பேக் சப் என்ற அழியும் நிலையிலிருந்த கூன்முதுகு மீன் நன்றாகப் பெருகியிருக்கிறது. மீட் ஏரியை நிரப்பினால் அந்த நீர்வீச்சு மூழ்கும், கிராண்ட் கேன்யனின் கடைசிப் பகுதியும் மறுபடி ஏரியாகும். ஒரு பள்ளத்தாக்கை மீட்க இன்னொன்றின் வாலைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இப்போது பாதி அணை. முழுதாக நிரம்பியிருந்தால் டர்பைனுக்குப் போகும் தண்ணீர் ஆழத்திலிருந்து வரும், ஆண்டு முழுதும் 10 டிகிரி சுற்றிக் குளிராக இருக்கும். சப் மீன் குஞ்சுக்கு அது கெடுதல், ஆனால் அதைத் தின்னும் ஸ்மால்மவுத் பாஸ் என்ற வெளியூர் மீனுக்கும் அது ஆகாது. நீர்மட்டம் இறங்கியபோது மேலடுக்கின் சூடான தண்ணீர் டர்பைனுக்குப் போகும் குழாயின் வாய்க்கு அருகில் வந்துவிட்டது, கூடவே அந்த அடுக்கில் நீந்தும் பாஸ் மீன்களும். அவை டர்பைன் வழியாக உயிரோடு வெளியே வந்தன, 2022-இல் அணைக்குக் கீழே இனப்பெருக்கம் செய்வதும் உறுதியானது. கலங்கலாவது இருந்தால் கண்ணால் பார்த்து வேட்டையாடும் பாஸ் தடுமாறும், மணலை ஏரி பிடித்துக்கொள்வதால் அதுவும் இல்லை. ஆக, வெப்பம் திரும்பியது, கலங்கல் திரும்பவில்லை. 2024-இல் அடிமதகுகளில் இருந்து குளிர்ந்த தண்ணீரைக் கலந்து விட்டு வெப்பத்தை இறக்கினார்கள், வேலை செய்தது. ஆனால் டர்பைனைச் சுற்றிப்போகும் தண்ணீர் மின்சாரம் தராது. மின்சாரமும் போய், மணலும் வராமல், மீனையும் காப்பாற்றத் தனியாகச் செலவு செய்வதை நடுநிலை என்று சொல்ல மனம் வரவில்லை.

இன்னும் இறங்கினால் வேறு சிக்கல். ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 3,490 அடிக்குக் கீழே போனால் டர்பைன்கள் நிற்கும், அப்புறம் தண்ணீர் போக நான்கு அடிமதகுக் குழாய்கள்தான். 2023 ஏப்ரல் செயற்கை வெள்ளத்துக்குப் பிறகு அந்தக் குழாய்களின் உட்பூச்சு சேதமானது தெரிந்தது, பிறகு பூசிச் சரிசெய்தார்கள். 3,370 அடிக்கு வந்தால் அவற்றுக்கும் தண்ணீர் எட்டாது, அணைக்குப் பின்னால் சுமார் 240 அடி ஆழத் தண்ணீர் வெளியேற வழியின்றி நிற்கும்.

அதனால் என் வரிசை இது: வறட்சி நீடிக்குமானால், அணையை இடிக்காமல், ஆற்றுமட்டத்தில் பாறையைக் குடைந்து புதிய மதகுச் சுரங்கங்கள் போடுவதுதான் முதலில். செலவு பெரிது, ஆனால் நிரப்பு கட்சிக்கும் வடி கட்சிக்கும் அது இல்லாமல் கதியில்லை. ஏரி தாழ்ந்தாலும் கீழே தண்ணீர் அனுப்ப முடியும், மணலைக் கொஞ்சமாவது தள்ள முடியும், குளிர்நீர் கலக்க முடியும். அதற்குப் பிறகு பாவெலை வெறுமையாக வைப்பதா என்பதை, பியர்ஸ் ஃபெர்ரி மூழ்காத அளவுக்கு மீட் ஏரிக்கு ஓர் உச்சவரம்பு வைத்துப் பேசலாம். இரண்டு ஏரிகளுக்கும் 2007-இல் போட்ட இயக்க விதிகள் 2026 முடிவோடு காலாவதியாகின்றன. ஆனால் மாநிலங்களின் பேரம் முழுக்க யாருக்கு எத்தனை ஏக்கர்-அடி வெட்டு என்பதிலேயே ஓடுகிறது, சுரங்கத்தின் பேச்சு ஓரத்தில்தான் கிடக்கிறது.