மஞ்சளாக மின்னும் நிகெபோரஸ் காசு: பணம் கட்டும் முன் படியுங்கள்

பைசாந்திய (கிழக்கு ரோமானியப்) பேரரசின் காசு சேர்ப்பவர்கள், அதிலும் 11ஆம் நூற்றாண்டுத் தங்கத்தைத் தேடுபவர்கள், இணையத்தில் விற்கும் ஒருவரிடம் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். மூன்றாம் நிகெபோரஸ் பேரரசர் (1078–1081) வெளியிட்ட ஹிஸ்டமெனான் என்ற தங்கக் காசு என்று சொல்லி அவர் எனக்கு விற்றது, முலாம் பூசிய வார்ப்பு. ‘சுத்தத் தங்கம், சான்றிதழ் உண்டு’ என்பது விளம்பரம்.

பொட்டலத்தைப் பிரித்ததும் நிறமே உறுத்தியது. நகைக்கடையில் நேற்று வாங்கிய சங்கிலி மாதிரி அப்படி ஒரு மஞ்சள். அந்தப் பேரரசரின் காசு அப்படி இருக்க வாய்ப்பே இல்லை. ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு ரோமானிய பவுண்டுக்கு 72 என்ற கணக்கில் அடித்த சோலிடஸ்தான் ஹிஸ்டமெனானுக்கு மூலம்; அந்தத் தங்கக் காசு, சுமார் 4.5 கிராம் எடையோடு, ஏறக்குறைய 700 ஆண்டுகள் பெரிதாக மாற்றுக் குறையாமல் ஓடியது. 1030களுக்குப் பிறகுதான் வெள்ளி கலக்கத் தொடங்கினார்கள். ஒன்பதாம் கான்ஸ்டன்டைன் (1042–1055) ஆட்சியில் 18 காரட் வரை இறங்கி, நிகெபோரஸ் காலத்தில் சுமார் 8 காரட்டில் வந்து நின்றது. 1092இல் பேரரசர் அலெக்சியஸ் 20.5 காரட்டில் ஹைப்பர்பைரான் என்ற புதிய தங்கக் காசைக் கொண்டுவந்த பிறகுதான் நிலைமை சீரானது. ஆக, நிகெபோரஸ் காசுக்குச் ‘சுத்தத் தங்கம்’ என்று ஒருவர் விளம்பரம் செய்கிறார் என்றாலே அவருக்குக் காசைப் பற்றித் தெரியாது, அல்லது வேண்டுமென்றே பொய் சொல்கிறார்.

நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. மண்ணுக்குள் கிடக்கும்போது மேற்பரப்பிலுள்ள வெள்ளியும் செம்பும் கரைந்து, காசு உண்மையைவிட மஞ்சளாகத் தெரியலாம். அதனால் அடர்த்தியைப் பார்த்தேன். தராசில் 4.40 கிராம். நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டபோது 0.52 கிராம் குறைந்தது. எடையை அந்தக் குறைவால் வகுத்தால் அடர்த்தி 8.5க்குச் சற்றுக் கீழே வருகிறது. அது பித்தளையின் அடர்த்தி. 8 காரட் காசுக்குரியபடி மூன்றில் ஒரு பங்கு தங்கமும் மீதி பெரும்பாலும் வெள்ளியுமாக இருந்தால் 12ஐ ஒட்டி வர வேண்டும். இந்தக் காசுகள் கிண்ணம் போல் குழிந்தவை என்பதால் குழிவில் காற்றுக் குமிழி தங்கிவிடும். தண்ணீருக்குள் நன்றாக ஆட்டிவிட்டு அளவெடுங்கள், இல்லாவிட்டால் நல்ல காசுகூடப் போலி போலக் காட்டும்.

இதைவிடப் பெரிய ஆதாரம் அவர் கடைப் பக்கத்திலேயே இருந்தது. அச்சு அசலாக அதே மாதிரி இன்னொரு காசையும் விற்பனைக்குப் போட்டிருந்தார். ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகள் கிடைப்பது சகஜம்தான், அதில் தப்பில்லை. ஆனால் விளிம்பில் விழும் விரிசல் ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு தகட்டுக்கும் மாறும். இங்கே பேரரசரின் செங்கோலுக்குப் பக்கத்தில் அதே விரிசல், அதே நீளம், அதே வளைவு. ஒரே மூலக் காசிலிருந்து அச்சு எடுத்து வார்த்தால் மட்டுமே இப்படி வரும். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தபோது கிறிஸ்துவின் சிம்மாசனத்தைச் சுற்றி ஊசிமுனை அளவுக் குழிகள். விரிசலோ உள்ளே வரை போகாமல் வெறும் பள்ளமாக முடிந்துவிட்டது.

அவரிடம் வாங்கிய இன்னொரு செம்புக் காசு வேறு ரகம். பெயரில்லா ஃபோலிஸ். ஜான் சிமிஸ்கெஸ் (969–976) காலத்தில் தொடங்கிய இந்த வகையில் பேரரசரின் உருவமும் பெயரும் இருக்காது. ஒரு பக்கம் கிறிஸ்துவின் முகம், மறுபக்கம் ‘இயேசு கிறிஸ்து, அரசர்களின் அரசர்’ என்ற எழுத்து. எனக்கு மிகவும் பிடித்த காசு இது. அரசனே பின்வாங்கிக்கொண்ட நாணயம் உலகில் அபூர்வம். காசு அசல்தான். ஆனால் தலைமுடி, தாடி எல்லாம் ஊசியால் புதிதாகக் கீறப்பட்டிருந்தன. எழுத்துகளைச் சுற்றித் தளத்தைச் சுரண்டி ஆழமாக்கியிருந்தார்கள். அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துடைத்ததும் பச்சைக் களிம்பு முழுக்கப் பஞ்சில் வந்துவிட்டது. ஆயிரம் ஆண்டுக் களிம்பு அசிட்டோனுக்கு அசையாது. போலியைவிட இதுதான் எனக்கு அதிகக் கோபத்தைத் தந்தது. போலியைத் தூக்கி எறியலாம், இந்தக் காசை இனி யாராலும் பழையபடி ஆக்க முடியாது.

எடையும் படங்களும் இணைத்து எழுதினேன். முதலில் ‘உங்கள் தராசு சரியில்லை’ என்றார். விரிசல் படத்தை அனுப்பியதும் பதிலே நின்றுவிட்டது, இரண்டாவது காசின் பக்கமும் மறைந்தது. சான்றிதழில் எடையோ விட்டமோ கையெழுத்தோ இல்லை. அட்டை நிறுவனத்தில் புகார் கொடுத்துத் தங்கக் காசுக்கான பணத்தை மீட்டேன். ‘காசு அசல்தானே’ என்று சொல்லி ஃபோலிஸுக்கான பணத்தைத் தர மறுத்துவிட்டார்கள்.

வாங்கும் முன் எடை, விட்டம், விளிம்பைச் சுற்றி எடுத்த படங்கள் மூன்றையும் கேளுங்கள். வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பினால் விலை குறைப்பேன் என்பார், ஒப்புக்கொள்ளாதீர்கள். செங்கோல் பக்கம் விரிசலுள்ள நிகெபோரஸ் காசு உங்களிடமும் இருந்தால் படம் அனுப்புங்கள். என்னுடையதோடு வைத்துப் பார்த்து, எல்லாவற்றையும் ஒரே புகாராகக் கொடுக்கலாம்.