வாக்கி டாக்கி ப்ரோகிராமிங் கேபிள்: எந்த சிப்பை நம்பலாம்?

பாவோஃபெங் யுவி-5ஆர் வாக்கி டாக்கியில் அலைவரிசைகளைப் பதிய, சிர்ப் என்னும் இலவச மென்பொருளைத் திறந்த பலர், ரேடியோ பதிலளிக்கவில்லை என்ற செய்தியோடு முதல் நாளிலேயே நின்றுவிடுகிறார்கள். ரேடியோவைக் குறை சொல்வதற்கு முன், கேபிளை மட்டும் கணினியில் செருகி, டிவைஸ் மேனேஜரில் (இணைந்த கருவிகளைப் பட்டியலிடும் விண்டோஸ் பகுதி) காம் போர்ட் எண், அதாவது கேபிளுக்குக் கணினி தரும் இணைப்பு எண், தோன்றுகிறதா என்று பார்க்க வேண்டும். தோன்றாவிட்டால், யுஎஸ்பி முனைக்குள் இருக்கும் சிப்பிலோ, அதைக் கணினி இயக்க உதவும் டிரைவர் என்னும் மென்பொருளிலோதான் கோளாறு.

மலிவான கேபிள்கள் பலவற்றில் இருப்பது புரொலிஃபிக் பிஎல்2303 சிப் அல்லது அதன் போலி. போலிகளை மட்டுமன்றி, உற்பத்தி நிறுத்தப்பட்ட பழைய அசல் சிப்களையும் புதிய விண்டோஸ் டிரைவர் ஏற்க மறுப்பதால், மஞ்சள் எச்சரிக்கைக் குறியோடு கோட் 10 பிழை வரும். 3.2.0.0 என்ற பழைய டிரைவரை நிறுவி, டிவைஸ் மேனேஜர் காட்டும் டிரைவர் பட்டியலில் அதையே கைப்படத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் வேலை நடக்கும். ஆனால் விண்டோஸ் அப்டேட் புதிய டிரைவரை மீண்டும் ஏற்றிவிட்டால், அதே வேலையைத் திரும்பச் செய்ய நேரிடும். லினக்ஸில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. இத்தகைய போர்ட்களைப் பயன்படுத்த அனுமதி தரும் டயல்அவுட் குழுவில் பயனர் சேர்ந்திருந்தால் போதும்.

எஃப்டிடிஐ நிறுவனத்தின் எஃப்டி232ஆர் சிப் உள்ள கேபிளுக்கு விலை கூடுதல். இருந்தாலும் விண்டோஸ் தானாகவே டிரைவரைக் கண்டுகொள்வதால், அடிக்கடி ப்ரோகிராம் செய்பவருக்கு இதையே பரிந்துரைப்பேன். நம்பகமான கடையில் வாங்குவது முக்கியம், ஏனெனில் இதற்கும் போலிகள் உண்டு. 2014இல் வெளியான டிரைவர் ஒன்று அத்தகைய போலிகளின் அடையாள எண்ணைப் பூஜ்ஜியமாக்கி அவற்றை முடக்கியது.

சிஹெச்340 சிப் மலிவு, விண்டோஸிலும் தகராறு குறைவு. லினக்ஸ் வகையான உபுண்டு 22.04இல் மட்டும், பிரெய்ல் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிஒய் சேவை இந்தச் சிப்பைத் தன்னுடையதென்று எடுத்துக்கொள்வதால், போர்ட் தோன்றிய உடனே மறைந்துவிடும். பிரெய்ல் கருவி பயன்படுத்தாதவர்கள் அந்தச் சேவையை நீக்கிவிடலாம்.

போர்ட் எண் சரியாகத் தோன்றி, சிர்ப்பில் அதே எண்ணைத் தேர்ந்தெடுத்தும் ரேடியோ மௌனமாக இருந்தால், எந்தச் சிப்பாக இருந்தாலும் அடுத்துப் பார்க்க வேண்டியது ரேடியோ பக்கத்து இரட்டைப் பின் பிளக். அதன் பிளாஸ்டிக் விளிம்பு ரேடியோவின் உடலில் இடித்து, பின்கள் முழுமையாக உள்ளே போகாமல் நிற்பது மிகவும் சாதாரணம். ரேடியோவை அணைத்துவிட்டு பிளக்கை அழுத்திச் செருகிய பிறகு இயக்க வேண்டும். அப்போதும் இடித்தால், விளிம்பைக் கத்தியால் சிறிது சீவிவிடலாம்.